நோட்டீஸ் அனுப்பாதீர்கள், கொடுத்த பணத்தை மறந்துவிடுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் உசிலம்பட்டி அருகே. அப்பா வைத்திருந்த கோல்ட் 1903 மாடல் .32 பிஸ்டல், அவர் காலமானபின் 2021-இல் முறைப்படி உரிமம் பெற்று என் பெயருக்கு வந்தது. குறிபார்க்கும் முனை மிகச் சிறியது. என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. விசையும் கனமாக இருந்தது. மதுரையில் தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். புது முனை பொருத்தி, விசையை இலகுவாக்கி, துருவைத் தேய்த்து மெருகேற்றித் தந்தார். கூலி 38,000 ரூபாய். இப்போது ஒருமுறை விசையை இழுத்தால் சில சமயம் இரண்டு தோட்டாக்கள் வெடிக்கின்றன. துப்பாக்கி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் மங்கிவிட்டன. அப்பாவின் நினைவாக இருந்த ஒரே பொருளைப் பாழாக்கிவிட்டு, "நீங்கள் கேட்டதைத்தான் செய்தேன்" என்று எடுத்தெறிந்து பேசுகிறார். கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பித் தரவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுப் பணத்தையும் இழப்பீட்டையும் வாங்க முடியுமா?

பதில்: முடியாது. முயலவும் வேண்டாம்.

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அவர் பேசிய விதமோ, வேலையின் தரமோ, அப்பாவின் நினைவோ இந்த விவகாரத்தைத் தீர்மானிக்கப் போவதில்லை. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பட்டறைக்காரரிடம் துப்பாக்கி பழுதுபார்ப்பதற்கான உரிமம் இருந்ததா? கடிதம் முழுவதிலும் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. லேத் பட்டறை என்று நீங்களே எழுதியிருப்பதால், இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஆயுதச் சட்டம், 1959-இன் 5-ஆம் பிரிவு, துப்பாக்கி தயாரிப்பதையும் விற்பதையும் போலவே பழுதுபார்ப்பதையும் உரிமத்துக்குள் கொண்டுவருகிறது. சின்ன வேலை, பெரிய வேலை என்ற பேதம் அங்கே இல்லை. மீறினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு. ஆயுள் தண்டனை வரை போகலாம். அது பட்டறைக்காரருக்கு. வேலையைச் சொல்லிச் செய்வித்தவர் என்ற முறையில் உங்களை உடந்தையாகச் சேர்க்கக் காவல்துறைக்கு அதிக நேரம் பிடிக்காது. வைத்திருக்கத் தகுதி உள்ளவரா என்று பார்க்காமல் ஆயுதத்தை ஒப்படைத்ததற்கு 29-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. இன்னொன்று: சட்டவிரோதமான நோக்கத்துக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி செல்லாது. செல்லாத ஒப்பந்தத்தை வைத்து எந்த ஆணையத்தில் கூலியைத் திருப்பிக் கேட்பீர்கள்?

பணம் போனது சிறிய இழப்பு. என்னைக் கவலைப்படுத்துவது மங்கிப்போன அந்த இரண்டு இலக்கங்கள்தான்.

8-ஆம் பிரிவின்படி, துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ வேறு அடையாளக் குறியையோ அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். அழிந்த நிலையில் துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவரே அழித்தார் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்க்கும் பட்டறைக்காரருக்கு அந்த எண் வெறும் கீறல். நீதிமன்றத்துக்கு அதுவே துப்பாக்கியின் அடையாளம். உரிமப் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் இரும்பில் இருக்கும் எண்ணும் பொருந்தாவிட்டால், 'இது வேறு துப்பாக்கி' என்ற சந்தேகம் அங்கேயே தொடங்கிவிடும்.

சிக்கல் எங்கே என்று பாருங்கள். 'எண்ணை நான் அழிக்கவில்லை' என்று நிரூபிக்க, 'பட்டறைக்காரர் அழித்தார்' என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், உரிமம் இல்லாதவரிடம் துப்பாக்கியைக் கொடுத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். நுகர்வோர் மனுவில் இதையெல்லாம் பிரமாணப் பத்திரத்தோடு, தேதி, தொகை சகிதம் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள். அதற்கு மேல் காவல்துறை துப்பறிய என்ன மிச்சம் இருக்கிறது?

மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் இப்படித்தான் வந்தார். ஒற்றைக்குழல் துப்பாக்கியைப் பட்டறையில் கொடுத்து, வேலை சரியில்லை என்று கூலியைத் திருப்பிக் கேட்டு, வேறொரு வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். நோட்டீஸைப் பார்த்துப் பயந்த பட்டறைக்காரர் அதை எடுத்துக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்விட்டார். 4,000 ரூபாய் கேட்கப் போனவர், முன்ஜாமீனுக்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அலைந்தார். அவருக்கு எதிரான முதல் ஆவணம் அவர் அனுப்பிய நோட்டீஸ்தான்.

அடுத்தது அந்த இரட்டை வெடிப்பு. ஜான் பிரௌனிங் வடிவமைத்த இந்த 1903 மாடல், பையிலிருந்து எடுக்கும்போது துணியில் சிக்கக் கூடாது என்று, தோட்டாவை வெடிக்கச் செய்யத் தட்டும் சுத்தியலை உள்ளே மறைத்துச் செய்தது. அந்தச் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கியில் அரம் பட்டுத்தான் இது வந்திருக்க வேண்டும். .32 அளவு தனியாருக்கு அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் விசையை அழுத்தியிருக்கும்வரை தோட்டாக்கள் தொடர்ந்து வெளிப்படும்படி வடிவமைத்த, அல்லது மாற்றியமைத்த துப்பாக்கி, சட்டத்தின் கண்ணில் தடைசெய்யப்பட்ட ஆயுதம். அதை வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு. உங்களுடையது பழுது, மாற்றியமைப்பு அல்ல என்று வாதாட நிச்சயம் இடமிருக்கிறது. நான் அப்படித்தான் வாதாடுவேன். ஆனால் தடயவியல் நிபுணரின் அறிக்கை எப்படி வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதுவரை நீங்கள் வெளியே இருப்பீர்களா என்பதும் உறுதியில்லை. சட்டத்தை விடுங்கள், எதிர்பாராமல் வெடிக்கும் இரண்டாவது தோட்டா வீட்டில் யார் மீது பாயும்? 'சரியாகிவிட்டதா' என்று இன்னொரு முறை சுட்டுப் பார்க்காதீர்கள்.

மங்கிய எண்ணை வேறொரு பட்டறையில் மறுபடி பொறித்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது போலி எண் பொறித்த குற்றமாகிவிடும். இப்போது இருக்கிற தற்காப்பும் அதோடு போய்விடும். பட்டறைக்காரரோடு பரிமாறிய குறுஞ்செய்திகள் இருந்தால் அவற்றையும் அழிக்க வேண்டாம்.

2021-இல் வாங்கிய உரிமம் என்றால் ஐந்தாண்டுக் கெடு முடிந்து புதுப்பிப்பு வரும். அதற்குள் தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். இரண்டில் எது முந்தினாலும் ஒருவர் எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பார். அவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களாக முன்வர வேண்டும். தோட்டாவை நீக்கிப் பூட்டி வையுங்கள். இந்த வாரமே குற்றவியல் வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரை நேரில் பாருங்கள். துப்பாக்கியை ரசீது பெற்று ஒப்படைப்பதும், உரிமம் வழங்கும் அதிகாரிக்கு மனு கொடுப்பதும் அவர் மூலமாகவே நடக்கட்டும். மனுவின் ஒவ்வொரு சொல்லையும் அவர் எழுதட்டும். பழைய பாகங்களைப் பற்றியும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆயுதத்தின் பாகங்களும் சட்டப்படி ஆயுதம்தான். அவற்றுக்காகப் பட்டறை வாசலில் போய்ச் சண்டை போட வேண்டாம். 38,000 ரூபாயைப் பற்றிப் பட்டறைக்காரரிடம் இனி ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது உரிமப் புத்தகத்தோடு இன்னொன்றையும் தேடி எடுத்துப் போங்கள்: முந்தைய தேர்தல்களில் துப்பாக்கியை ஒப்படைத்தபோது கொடுத்த ரசீதுகள். அப்பா காலத்து ரசீது கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் முழு எண்ணும் தெளிவாக இருந்தால், உங்கள் கையில் இருப்பது அதே துப்பாக்கிதான் என்று காட்ட அதைவிட நல்ல சான்று கிடைக்காது.