கடனே வாங்காதவருக்கு சிபில் ஸ்கோர் எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. இதுவரை கடன் வாங்கியதில்லை, கிரெடிட் கார்டும் கிடையாது. மகளின் கல்விக் கடனுக்குப் போனால், அவருடைய சிபில் ஸ்கோர் 'மைனஸ் 1' என்று வங்கியில் தயங்குகிறார்கள். கடன் வாங்காதது ஒரு குற்றமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: நிச்சயமாக இல்லை. வாங்கிய கடனை ஒருவர் எப்படித் திருப்பிக் கட்டினார் என்பதற்குத் தரும் மதிப்பெண்தான் சிபில் ஸ்கோர். அது 300-லிருந்து 900 வரை போகும். கணக்குப் போட எந்தக் கடனும் இல்லாதவருக்கு 'மைனஸ் 1' அல்லது 'என்ஹெச்' (நோ ஹிஸ்டரி, அதாவது கடன் வரலாறு இல்லை) என்று வரும். தவணை தவறி 550-க்கு இறங்கியவரோடு உங்கள் கணவரைச் சேர்த்துப் பார்ப்பது தவறு. கடன் வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் முதல்முறை கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. 2025-ல் நிதி அமைச்சகம் இதை நாடாளுமன்றத்திலும் தெரிவித்தது. மேலாளரிடம் இதை எடுத்துச் சொல்லி, வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, ஓராண்டு வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஸ்கோருக்காகத் தேவையில்லாத கடன் வாங்கவே வேண்டாம். ஓரிரு ஆண்டில் வீட்டுக் கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால் மட்டும், ஃபிக்சட் டெபாசிட்டின் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கலாம். கரன்ட் பில், கேஸ் என்று லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவழித்து, கெடு தேதிக்கு முன்பே முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். 'மினிமம் டியூ' எனும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஏறும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் ஸ்கோர் வந்துவிடும்.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன். இனி கடன் வாங்கப் போவதில்லை. எனக்கு இதெல்லாம் வேண்டுமா? – வாசகர், தென்காசி

பதில்: ஸ்கோர் வேண்டாம், உங்கள் பெயரில் உள்ள கடன் விவரங்களைக் காட்டும் ரிப்போர்ட்டை அவசியம் பாருங்கள். எங்கோ கொடுத்த பான் கார்டு ஜெராக்ஸை வைத்து உங்கள் பெயரில் யாரோ கடன் எடுத்திருக்கலாம். உறவினருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், அவர் கட்டாத தவணை உங்கள் ரிப்போர்ட்டிலும் ஏறும். மறந்துபோன பழைய கார்டின் ஆண்டுக் கட்டணம்கூட பாக்கியாக நிற்கும்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று இந்த ரிப்போர்ட்டைத் தரும் நான்கு நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பார்த்தால் ஆண்டு முழுக்கக் கண்காணிப்பு இருக்கும். இணையதளத்தில் கட்டணத் திட்டங்கள் முதலில் கண்ணில் படும். இலவச ரிப்போர்ட்டுக்கான இணைப்பைத் தேடி எடுங்கள். நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

'அக்கவுன்ட்ஸ்' பகுதியில் உங்களுக்குத் தெரியாத கடன் இருக்கிறதா, முகவரியும் செல்போன் எண்ணும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். 'என்கொயரி' பகுதியைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எந்த நிறுவனத்தில், எந்தத் தேதியில், எவ்வளவு கடன் கேட்டு உங்கள் பெயரில் விண்ணப்பம் போயிருக்கிறது என்பது அங்கே வரிசையாக இருக்கும். மோசடி முயற்சி முதலில் தெரிவது அங்கேதான்.

தவறு இருந்தால் ரிப்போர்ட் தந்த நிறுவனத்தின் தளத்தில் 'டிஸ்ப்யூட்' (ஆட்சேபம்) பதிவு செய்து, கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுதுங்கள். மோசடி என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் புகார் செய்யுங்கள். ரிப்போர்ட்டில் உள்ள தவறை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும். புகார் எண்ணையும் தேதியையும் பத்திரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.