மாடிப் பையன்களும் வைஃபை பாஸ்வேர்டும்

கேள்வி: ராத்திரி எட்டு மணி ஆனால் எங்கள் வீட்டு நெட் இழுக்கிறது. கம்பெனிக்குப் போன் போட்டால் லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். மாடியில் குடியிருக்கும் காலேஜ் பையன்கள் எங்கள் வைஃபையில் புகுந்துவிட்டார்களோ என்று சந்தேகம். நெட்வொர்க் பெயரை மறைத்துவிட்டேன், இனி யாரும் வர முடியாது என்கிறார் கணவர். அப்படியா? (வாசகி, கும்பகோணம்)

பையன்களைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் ரவுட்டரையே கேட்டுவிடலாம். அதைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் 192.168.1.1 என்பது போல ஒரு எண்ணும் லாகின் பெயரும் போட்டிருக்கும். அந்த எண்ணை பிரவுசரில் அடித்து உள்ளே போனால், இப்போது யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் எங்காவது ஒரு மூலையில் கிடைக்கும். பெயர்கள் புரியாது, பயப்பட வேண்டாம். வீட்டில் இருக்கும் போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றிலும் வைஃபையை அணைத்துவிட்டுப் பாருங்கள், அப்போதும் மிச்சம் இருப்பதுதான் விருந்தாளி. நான்கு பேர் இருக்கும் என் வீட்டில் ஒரு தடவை பதினாறு காட்டியது. திருடன்தான் என்று துள்ளிக் குதித்தேன். அதில் இரண்டு எதிர் வீட்டுப் போன்கள், அவர்கள் பெண்ணின் ஆன்லைன் பரீட்சைக்காக எப்போதோ நானே கூப்பிட்டுக் கொடுத்த பாஸ்வேர்டு!

கணவர் செய்தது, கதவைப் பூட்டாமல் வாசலில் இருந்த பெயர்ப்பலகையை மட்டும் கழற்றி வைத்த கதை. ரவுட்டர் பெயரைச் சொல்லாவிட்டாலும், உங்கள் போன் அதோடு சேரும்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும், அதைக் கேட்க இலவச மென்பொருளே போதும்.

பூட்டு என்பது பாஸ்வேர்டுதான். உங்களுடையது போன் நம்பரா? நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வைக்கிறோம், அதனால் கேட்கிறேன். மாடிப் பையன்களிடம் வாடகை அனுப்புவதற்காக உங்கள் நம்பர் இருக்குமே! நம்பர் தெரியாதவனுக்கும் பெரிய கஷ்டம் இல்லை. ஒரு போன் ரவுட்டரோடு சேரும் நேரத்தில் இரண்டுக்கும் நடக்கும் சின்னப் பேச்சைத் தெருவில் நின்றே பதிவு செய்துகொள்ளலாம், அப்புறம் வீட்டுக்குப் போய் சாவகாசமாக ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் பொருத்திப் பார்க்கலாம், உங்கள் ரவுட்டருக்கு ஒன்றுமே தெரியாது. 6, 7, 8, 9 இந்த நான்கில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் நொடிக்குப் பல லட்சம் பார்க்கும். அவன் மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

சம்பந்தமே இல்லாத நான்கு தமிழ்ச் சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்து அடியுங்கள். சொம்பு, கடப்பாரை, பலாக்கொட்டை, மின்விசிறி என்ற மாதிரி. (இதையே வைக்காதீர்கள், பத்திரிகையில் வந்துவிட்டது!) 63 எழுத்து வரை இடம் இருக்கிறது, எட்டோடு நிறுத்துவானேன்.

ரவுட்டரின் அதே பக்கத்தில் பாதுகாப்பு வகை என்று ஒன்று இருக்கும். டபிள்யூபிஏ3 இருந்தால் அது, பழைய போன்கள் சேர மறுத்தால் டபிள்யூபிஏ2. டபிள்யூஇபி என்று இருந்தால் உடனே மாற்றுங்கள், அது 2001-லேயே உடைக்கப்பட்ட பூட்டு. பாஸ்வேர்டு அடிக்காமலே பட்டனை அமுக்கியோ பின் நம்பர் போட்டோ சேர விடும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியையும் அணையுங்கள். அதன் எட்டு இலக்க பின் நம்பரை ரவுட்டர் இரண்டு துண்டாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வேறு மற்ற ஏழையும் வைத்துக் கணக்குப் போட்டாலே வந்துவிடும். அதனால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011 டிசம்பரிலேயே அம்பலமாகிவிட்டது.

இவ்வளவும் செய்த பிறகும் எட்டு மணிக்கு இழுத்தால் பையன்கள் மேல் தப்பில்லை. தெருவே அந்த நேரத்தில் வைஃபையில் சீரியல் பார்க்கிறது, கூட்டம் குறைவான 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறிப் பாருங்கள். பாஸ்வேர்டு மாற்றிய அன்று, டிவி ரிமோட்டின் அம்புக்குறியை வைத்து முப்பது எழுத்தை அடிக்கும்போது என்னைத் திட்டுவீர்கள். ஆனால் அதே ராத்திரி மாடியிலிருந்து யாராவது இறங்கி வந்து "ஆன்ட்டி, இன்னிக்கு நெட் இல்லையா?" என்று கேட்டால், உங்கள் சந்தேகமும் தீர்ந்துவிடும்.

கேள்வி: வைஃபையில் யாரோ புகுந்தால் பேங்க் பணம் போய்விடுமா? (வாசகர், திண்டுக்கல்)

அவ்வளவு சுலபமாகப் போகாது. பேங்க் ஆப் அனுப்புவது தனியாகப் பூட்டித்தான் போகிறது. நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடம் முன்னால் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போன போலீஸ், நவி மும்பையில் ஒரு அமெரிக்கரின் வீட்டு வாசலில் போய் நின்றது. அவருடைய வைஃபை பூட்டாமல் கிடந்திருக்கிறது, வேறு யாரோ அதில் நுழைந்து அனுப்பியிருக்கிறார்கள். விசாரணையை அனுபவித்தது அவர்.

இன்னொன்று, ரவுட்டருக்குள் நுழையும் லாகின் இன்னும் அட்மின், அட்மின் என்றே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதி திறந்திருந்தால் அதையும் மூடுங்கள். 2016-ல் உலகத்தைக் கலக்கிய மிராய் என்ற நாசகார மென்பொருள், கம்பெனி வைத்த பாஸ்வேர்டு மாறாத கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் புகுந்துதான் படை திரட்டியது.

கேள்வி: வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் பாஸ்வேர்டு கேட்கிறார்கள். மறுத்தால் கோபம். (வாசகி, மதுரை)

மறுக்க வேண்டாம். ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் இருக்கும், அதற்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. பெரும்பாலான ரவுட்டர்களில் அதில் இருப்பவர்களுக்கு உங்கள் லேப்டாப்போ கேமராவோ தெரியாது. மெயின் பாஸ்வேர்டை ஒருவருக்குக் கொடுத்தால் ஒருவரோடு நிற்காது, அவர் போனில் க்யூஆர் கோடு காட்டி அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். கல்யாணம், காதுகுத்து முடிந்து எல்லோரும் பஸ் ஏறியதும் கெஸ்ட் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிடுங்கள். அடுத்த தடவை வரும்போது கேட்டால் மறுபடி கொடுத்தால் போச்சு.