ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டியின் முகம்

கேள்வி: நண்பகலில், திறந்திருந்த வாசற்கதவுக்கு முன்னால் பாட்டியை உட்கார வைத்துப் படம் எடுத்தேன். பின்னாலிருந்த தெரு பளிச்சென்று விழுந்திருக்கிறது. பாட்டியின் முகமோ இருண்டுவிட்டது. கணினியில் வெளிச்சத்தைக் கூட்டினால் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிறது. எங்கே தவறினேன்?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: நாற்காலி போட்ட இடத்தில்தான் தவறு. தன் எதிரில் இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டே கேமராவின் ஒளிமானி கணக்கிடும். தெருவின் வெயில் படத்தை நிறைத்திருந்ததால், அதை அடக்கப் போய் முகத்தையும் சேர்த்து இருட்டாக்கிவிட்டது. இருட்டில் பதிந்த முகத்தைப் பிறகு தூக்கினால், அங்குள்ள சொற்ப வண்ணத்தோடு நாய்ஸும் (படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள்) மேலே வரும். நீங்கள் கண்ட சாம்பல் அதுதான்.

சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல் நிற்பதால், அந்நேரம் முற்றத்துக்குப் போனாலும் கண்குழிகளில் நிழல்தான் விழும். ஆகவே காலை எட்டு மணி வாக்கில், நேர் வெயில் படாத ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி, முகம் ஜன்னலை நோக்கிச் சற்றே திரும்பியிருக்கும்படி பாட்டியை உட்கார வையுங்கள். மறுபக்கக் கன்னம் மிகவும் இருண்டால், அந்தப் பக்கம் ஒரு நாற்காலி முதுகில் வெள்ளை வேட்டியை விரித்துப் போட்டாலே போதும். பச்சைச் சுவர் அருகில் வேண்டாம். அந்தப் பச்சை தாடையில் ஏறிவிடும். கருவிழியில் ஜன்னல் சிறு சதுரமாகத் தெரிகிறதா, மூக்குத்திக் கல்லில் ஒளி ஏறியிருக்கிறதா என்று கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, அருகிலிருக்கும் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். 50 எம்.எம். லென்ஸ், லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் 1/125 விநாடி என்று தொடங்கலாம். ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் முறையில்) கன்னத்தை அளக்கும்போது, பாட்டி கறுத்த நிறமானால், கேமரா அவரை வெளுக்கவைக்கப் பார்க்கும் என்பதால், எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, அரை முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்துக்கொள்ளுங்கள்.

ரா வடிவத்தில் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக) எடுத்தால் திருத்துவது எளிது. முதலில் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது), பிறகு எக்ஸ்போஷர். பெரும்பாலும் அதற்கு மேல் தேவைப்படாது. தோலை மழமழப்பாக்கும் கருவியையும் நிறத்தை வெளுக்கும் கருவியையும் தயவுசெய்து தொடாதீர்கள்; நெற்றிச் சுருக்கத்தையும் சொந்த நிறத்தையும் எடுத்துவிட்டால், படத்தில் இருப்பவர் உங்கள் பாட்டி அல்லர். அச்சுக்குக் கொடுக்கும் முன், சிறிய அளவில் ஒரு பிரதி போட்டு, அதே ஜன்னலருகில் அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.