கேப்ஸ் லாக்கை மாற்றப் புது கீபோர்டு தேவையா?

கேள்வி: லினக்ஸில் பெரும்பாலும் கன்சோலில்தான், அதாவது ஜன்னல், ஐகான் எதுவும் இல்லாமல் கட்டளைகளை மட்டும் அடிக்கும் எழுத்துத் திரையில்தான், வேலை செய்கிறேன். கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில் கண்ட்ரோல் இருந்தால் சுண்டுவிரலுக்கு நிம்மதி. டெஸ்க்டாப் செட்டிங்கில் மாற்றிவிட்டேன்; கன்சோலுக்குப் போனால் பழையபடியே இருக்கிறது. விசைகளை இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளும் விலை கூடிய கீபோர்டு வாங்கினால்தான் தீரும் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: இந்த ஒரு விசைக்காக என்றால் வேண்டாம். கன்சோலுக்கென்று தனி விசை அட்டவணை உண்டு. டெஸ்க்டாப் செட்டிங்கில் செய்வது அதை எட்டாது, அவ்வளவுதான்.

கன்சோலில் ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி கணக்கில்) நுழைந்து ‘ஷோகீ’ கட்டளையை ஓட்டுங்கள். கேப்ஸ் லாக்கை அழுத்தினால் 58 என்றும், இடது கண்ட்ரோலுக்கு 29 என்றும் எண் வரும். அதிலிருந்து வெளியே வர எந்த விசை என்று தேட வேண்டாம். 10 விநாடி சும்மா இருந்தால் தானே நின்றுவிடும். அப்புறம் ஒரு கோப்பில் ‘கீகோட் 58 = கண்ட்ரோல்’ என்று ஒரே ஒரு வரி எழுதி ‘லோட்கீஸ்’ கட்டளைக்குக் கொடுங்கள். எல்லா கன்சோல்களிலும் உடனே மாறிவிடும். நீங்கள் எழுதாத விசைகள் அப்படியே இருக்கும். ஏதாவது சொதப்பினால் ‘லோட்கீஸ் மைனஸ் டி’ இயல்பான (டீஃபால்ட்) அட்டவணையைக் கொண்டுவரும். அதைக்கூட அடிக்க முடியாத அளவுக்கு விசைகள் குழம்பிவிட்டதா? ரீபூட் செய்யுங்கள், மாற்றம் போய்விடும்.

அதனாலேயே, கொஞ்சம் புழங்கிப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவது நல்லது. டெபியன், உபுண்டு என்றால் ‘இடிசி/டீஃபால்ட்/கீபோர்டு’ கோப்பில் எக்ஸ்கேபி ஆப்ஷன்ஸ் வரியில் ‘சிடிஆர்எல்:நோகேப்ஸ்’ சேர்த்து ‘செட்டப்கான்’ ஓட்டினால் சரி. ஆர்ச் போன்றவற்றில் ‘விகன்சோல்.கான்ஃப்’ கோப்பில் கீமேப் என்ற இடத்தில் உங்கள் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள்.

லேப்டாப்பின் எஃப்என் விசையையும் இப்படி மாற்ற முடியும் என்று நம்பாதீர்கள். பல மாடல்களில் அதை வன்பொருளே கவனித்துக்கொள்கிறது. ‘ஷோகீ’யில் எண்ணே வராது.

அந்த விலை கூடிய கீபோர்டு வீண் என்று சொல்ல மாட்டேன். பல கணினிகளுக்கு மாறி மாறி உட்காருபவர், பயாஸ் திரையிலும் (லினக்ஸ் தொடங்கும் முன் வரும் கணினியின் அமைப்புத் திரை) அதே அமைப்பு வேண்டும் என்பவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் மாற்றிய அமைப்பு கீபோர்டின் சொந்த நினைவகத்தில் தங்குகிறதா என்று முதலில் கேளுங்கள். க்யூஎம்கே ஃபர்ம்வேர் (கீபோர்டுக்குள்ளேயே ஓடும் திறமூல மென்பொருள்) உள்ளவற்றில் தங்கும். விண்டோஸ் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால்தான் வேலை செய்யும் ரகமாக இருந்தால், உங்கள் கன்சோலில் அது சாதாரண கீபோர்டுதான்.