நார்வேயில் உதவித்தொகையுடன் பிஎச்.டி., போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பதவி) இடங்களை எங்கே, எப்படித் தேடுவது?

ஸ்காலர்ஷிப் என்று தேடினால் அநேகமாக ஒன்றும் அகப்படாது. நார்வேயில் பிஎச்.டி. என்பது சம்பள வேலை. அந்தப் பதவிக்குப் பெயர் 'ஸ்டிபெண்டியாட்'. வரிக்கு முன் ஆண்டுக்கு ஐந்து லட்சம் குரோனருக்கு மேல் சம்பளம். அதில் 2 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குப் போகும். 2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து முதுநிலை படிக்க வருபவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குகிறார்கள், பிஎச்.டி.க்கு அது கிடையாது.

வேலை என்பதால் விளம்பரமும் வேலை விளம்பரமாகத்தான் வரும். ஓஸ்லோ, பெர்கன், டிராண்ட்ஹைமின் என்டிஎன்யூ, டிரோம்சோ என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஜாப்நோர்கே தளத்தில் வெளியிடுகின்றன. 'ஸ்டிபெண்டியாட்' (stipendiat), 'போஸ்ட்டாக்டர்' (postdoktor) என்ற நார்வேச் சொற்களை அவர்களுடைய எழுத்தில் இட்டு மின்னஞ்சல் எச்சரிக்கை வைத்துவிடுங்கள். ஐரோப்பிய ஆய்வு வேலைகளுக்கான யூராக்சஸ் தளத்தையும் பாருங்கள்.

பேராசிரியர்களுக்கு நூறு மின்னஞ்சல் அனுப்புவது இங்கே பலிக்காது. பதவியைப் பொது விளம்பரம் செய்துதான் நிரப்ப வேண்டும். அவர் விரும்பினாலும் நேரே எடுத்துக்கொள்ள முடியாது. விளம்பரத்தில் தொடர்புக்கென்று ஒருவர் பெயர் இருக்கும். திட்டத்தைப் பற்றிக் குறிப்பான கேள்வி இருந்தால் அவரிடம் கேளுங்கள்.

காலம் மூன்று ஆண்டு, அல்லது 25 சதவீதம் கற்பித்தல் போன்ற பணிகளோடு நான்கு ஆண்டு. நான்காண்டு இடம் கிடைத்தால் விடாதீர்கள். கற்பித்த அனுபவம் பிறகு கைகொடுக்கும்.

பல விண்ணப்பங்கள் தகுதிச் சோதனையிலேயே தள்ளுபடியாகிவிடுகின்றன. ஐந்தாண்டுக் கல்வி (3+2) வேண்டும். முதுநிலை ஆய்வேடு 30 ஐரோப்பிய கிரெடிட் அளவில், அதாவது ஒரு முழு செமஸ்டர் உழைப்பாக இருக்க வேண்டும் என்று பல துறைகள் கேட்கும். நம் எம்.எஸ்சி. படிப்புகள் சிலவற்றில் புராஜெக்ட்டுக்குச் சில கிரெடிட் மட்டும்தான். அப்படியானால் உங்கள் புராஜெக்ட் எத்தனை மாத வேலை என்று வழிகாட்டியிடம் கடிதம் வாங்கி இணையுங்கள். மதிப்பெண்ணிலும் பல இடங்களில் அவர்களுடைய ஏ முதல் எஃப் வரையிலான தர அளவில் 'பி' சராசரி எதிர்பார்ப்பார்கள். மதிப்பெண் பட்டியலோடு உங்கள் பல்கலைக்கழகத்தின் தர அளவுகோல் விளக்கத்தையும் சேருங்கள். இல்லாவிட்டால் நம் 8.2-ஐ அவர்கள் எப்படி எடைபோடுவார்கள்?

கெடு நேரத்துக்குள் தளத்தில் ஏற்றியவை மட்டுமே கணக்கு. ஆய்வேட்டையும் அப்போதே ஏற்றுங்கள். நிபுணர் குழு அதைப் படித்துத்தான் தரவரிசை போடும். கடிதம் ஒன்றரைப் பக்கம் போதும்: விளம்பரம் கேட்கும் ஒவ்வொரு திறனுக்கும் உங்கள் வேலையிலிருந்து ஒரு சான்று. எல்லா விளம்பரத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். மொழி, வரலாறு போன்ற கலைத் துறைகளிலும் சமூக அறிவியல் துறைகளிலும் ஆய்வுத் திட்டமும் நீங்களே எழுத வேண்டியிருக்கும். அதற்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள்.

இன்னொன்று: விண்ணப்பதாரர் பட்டியல் பொதுவில் வரக்கூடும். இப்போதைய முதலாளிக்குத் தெரியக்கூடாதென்றால், பெயரை மறைக்கும்படி காரணத்தோடு விண்ணப்பத்திலேயே கேளுங்கள். அதை ஏற்பார்கள் என்ற உறுதி இல்லை.

போஸ்ட்டாக் இரண்டிலிருந்து நான்கு ஆண்டு வரை. ஒரே நிறுவனத்தில் இரண்டாவது போஸ்ட்டாக் கிடையாது, ஆகவே முதல் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். விளம்பரம் இல்லாமல் நுழைய நல்ல வழி ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி போஸ்ட்டாக் நிதி. பிஎச்.டி. முடித்து எட்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். கடைசி 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் நார்வேயில் இருந்திருக்கக் கூடாது. கெடு வழக்கமாகச் செப்டம்பரில். இதற்கு மட்டும் பேராசிரியருக்கு நீங்களே முதலில் எழுத வேண்டும், அதுவும் கோடைக்கு முன்பே. ஜூலையில் அங்கே எல்லோரும் விடுமுறையில் இருப்பார்கள்.