சர்வர் கேள்வி-பதில்: தூங்கும் ஆப், தொலைந்த டேட்டா

"பேக்கெண்ட் (ஆப்பின் சர்வர் பக்கம்) போட எது பெஸ்ட்? இலவசமாக இருக்க வேண்டும்." (ராமேஸ்வரம்)

ஊர் பெயர் சொல்லாமல் பஸ் விசாரிக்கிறீர்கள். கோட் நோடா, பைத்தானா, டேட்டாபேஸ் உண்டா, எத்தனை பேர் பார்ப்பார்கள்? நாலு பேருக்குக் காட்டும் மாதிரி ஆப் என்றால், கோடை வைக்கும் தளமான கிட்ஹப்பை இணைத்ததும் ஆப்பை ஓட்டும் ரெண்டர் என்ற சர்வர் சேவை போதும். மாதம் ஐந்து டாலரில் தொடங்கலாம் என்றால் ரெயில்வே என்ற இன்னொரு சேவை. இதே வகைச் சேவையான ஹெரோக்குவில் இலவசம் என்று சொல்லும் வீடியோவை மூடிவிடுங்கள். அது 2022 நவம்பரோடு முடிந்தது.

"காலையில் முதல் முறை திறந்தால் ஒரு நிமிஷம் சுற்றுகிறது." (தங்கச்சிமடம்)

15 நிமிஷம் யாரும் வராவிட்டால் ரெண்டரின் இலவச சர்வர் தூங்கிவிடும். டெமோவுக்கு இரண்டு நிமிஷம் முன்பே திறந்து வையுங்கள். பிங் அடித்து (அவ்வப்போது தானாகத் தட்ட வைத்து) எழுப்பியே வைக்கலாம். ஆனால் இலவச மாதக் கணக்கு 750 மணி நேரம்தான். ஒரு ஆப்புக்குச் சரியாக இருக்கும், இரண்டு ஓட்டினால் பாதி மாதத்தில் தீரும்.

"லேப்டாப்பில் ஓடுகிறது, டிப்ளாய் செய்தால் (சர்வரில் ஏற்றினால்) போர்ட் கிடைக்கவில்லை என்கிறது." (தேவிபட்டினம்)

ஆப் கேட்கும் முகவரியில் 127.0.0.1-ஐ (அந்த மெஷினுக்குள் மட்டும்) எடுத்துவிட்டு 0.0.0.0 (வெளியிலிருந்தும் வரலாம்) போடுங்கள். போர்ட் எண்ணை கோடில் எழுதாமல் சர்வர் வெளியிலிருந்து தரும் என்விரான்மென்ட் வேரியபிளில் இருந்து எடுங்கள்.

"படகு வாரியாக மீன் வரவு எழுதும் ஆப். ஒரே ஃபைலில் இருக்கும் டேட்டாபேஸான எஸ்கியூலைட் வைத்து ரெண்டரில் போட்டேன். ராத்திரி ஏற்றிய 300 வரி காலையில் இல்லை. ஹேக் செய்திருப்பார்களா?" (மண்டபம்)

யாரும் ஹேக் செய்யவில்லை. இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை!

இலவச சர்வரின் டிஸ்க் தற்காலிகமானது. சர்வர் தூங்கி எழுந்தாலும், ரீஸ்டார்ட் ஆனாலும், டிப்ளாய் செய்தாலும் கிட்ஹப்பில் உள்ள கோடை வைத்துப் புதிதாகத்தான் எழும்பும். இடையில் எழுதிய டேட்டாபேஸ் ஃபைல், ஏற்றிய மீன் படம் எல்லாம் போய்விடும். சந்தேகம் இருந்தால் ஒரு படத்தை ஏற்றிவிட்டு டாஷ்போர்டில் மேனுவல் டிப்ளாய் அழுத்திப் பாருங்கள், அதே படம் 404 (இல்லை) என்று காட்டும். லேப்டாப்பில் டிஸ்க் அழிவதில்லை, அதனால் சோதிக்கும்போது யாருக்கும் இது பிடிபடுவதில்லை.

டேட்டாவைத் தனியாக ஓடும் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸுக்கு மாற்றுங்கள், படங்களை ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (ஃபைல் சேமிக்கும் தனிச் சேவை) வையுங்கள். அதிலும் இலவசத்தின் கெடுவைப் படியுங்கள். ரெண்டரின் இலவச போஸ்ட்கிரெஸுக்கு ஆயுள் 30 நாள். போஸ்ட்கிரெஸ் தரும் இன்னொரு சேவையான சுபாபேஸில் ஒரு வாரம் யாரும் தொடாவிட்டால் புராஜெக்ட் நின்றுவிடும், இலவசத்தில் பேக்கப்பும் கிடையாது. உங்கள் ஆப்பை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் யார் தொடப்போகிறார்கள்? அதே வகைச் சேவையான நியான் ஐந்து நிமிஷத்தில் தூங்கினாலும் அடுத்த கனெக்‌ஷனில் தானே எழும்பும், உங்களுக்கு அதுதான் பொருந்தும்.

எங்கே வைத்தாலும் வாரம் ஒருமுறை பிஜி_டம்ப் (போஸ்ட்கிரெஸின் பேக்கப் கருவி) வைத்து டம்ப் எடுங்கள். சர்வரின் பதிப்பைவிட உங்கள் லேப்டாப்பின் பிஜி_டம்ப் பழையதாக இருந்தால் டம்ப் எடுக்க மறுத்துவிடும். எடுத்ததை லேப்டாப்பில் ஒருமுறை ரீஸ்டோர் செய்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

"அதிகாலை நாலரை மணி ஏலம் முந்தைய நாள் கணக்கில் விழுகிறது." (பாம்பன்)

சர்வர் ஓடுவது யூடிசியில் (உலகப் பொது நேரம்), நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். சேமிப்பது யூடிசியிலேயே இருக்கட்டும். நாள் பிரிக்கும் குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) நேர மண்டலத்தை 'ஏசியா/கொல்கத்தா' என்று மாற்றிக்கொள்ளுங்கள். மணியோடு 5.30 கூட்டி எழுதும் வேலை வேண்டவே வேண்டாம்.

"ஆப் சிங்கப்பூரில், டேட்டாபேஸ் அமெரிக்காவில். ஒரு பக்கம் திறக்க ஐந்து செகண்ட்." (கீழக்கரை)

ஒரு குவெரி போய் வர 200 மில்லிசெகண்டுக்கு மேல். பக்கத்துக்கு இருபது குவெரி என்றால் நாலு செகண்ட் அங்கேயே போச்சு. இரண்டையும் ஒரே ரீஜனில் (சர்வர் இருக்கும் பகுதி) வையுங்கள். டேட்டாபேஸை நகர்த்தும் முன் பேக்கப் எடுங்கள், மேலே சொன்னதுதான்.

"மெஷினை ஆஃப் செய்துவிட்டேன், பில் வருகிறது." (தொண்டி)

டிஜிட்டல்ஓஷனில் ஆஃப் செய்த டிராப்லெட்டுக்கும் (அவர்களின் வாடகை மெஷின்) முழுக் காசு. ஸ்னாப்ஷாட் (மெஷினின் நகல்) எடுத்துவிட்டு அழித்தால்தான் நிற்கும், ஸ்னாப்ஷாட்டுக்குச் சில்லறை போகும். அமேசானின் சர்வர் சேவையில் ஆஃப் செய்தால் மெஷின் வாடகை நிற்கும். டிஸ்க்குக்கும், எலாஸ்டிக் ஐபி (மாறாத முகவரி) வாங்கியிருந்தால் அதற்கும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். பட்ஜெட் அலர்ட் என்பது மெயில்தான், அது எதையும் தானாக நிறுத்தாது.

"பாஸ்வேர்டு ஃபைலை கிட்ஹப்பில் போட்டுவிட்டேன். உடனே டெலீட் செய்தேன், போதுமா?" (ஏர்வாடி)

போதாது. பழைய கமிட்டில் (கோடின் முந்தைய பதிவு) அப்படியே இருக்கும். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், இன்றே.