படமும் பாடபேதமும்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உலக சினிமா பார்க்கத் தொடங்கி நான்கு வருடமாகிறது. மூன்று ஓடிடி சந்தா கட்டுகிறேன். பாதி பார்த்து வைத்த படத்தை அடுத்த வாரம் தேடினால் காணோம். நண்பர்கள் டிஸ்க் வாங்கச் சொல்கிறார்கள். அவர்களிலேயே ஒருவர், சோனியே ப்ளூ-ரேயை நிறுத்திவிட்டது, இனி எல்லாம் காயலான் கடைக்குத்தான் என்கிறார்.

ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படத்தின் ப்ளூ-ரேயை இரவல் வாங்கிப் போட்டேன். திரை முழுக்க எறும்பு ஊர்வதுபோலப் புள்ளிகள், இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை. அதே படம் ஓடிடியில் துடைத்துவைத்ததுபோலப் பளிச்சென்று, திரை நிறைய இருந்தது. இன்னொரு படத்தின் ஐரோப்பிய டிவிடியில் 115 நிமிடம் என்று போட்டிருக்கிறது. இணையத்தில் 120 என்கிறார்கள். ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டார்களா? வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

க.

அன்புள்ள க.,

அந்தக் கருப்பு வெள்ளைப் படத்தை இரண்டு பதிப்புகளில் பார்த்திருக்கிறீர்கள். மோசமான பதிப்பு, உங்களுக்குப் பிடித்துப்போன அந்த ஓடிடி பதிப்புதான்.

சீவக சிந்தாமணியை உ.வே.சா. 1887இல் அச்சேற்றுவதற்கு முன் ஏடு ஏடாகத் தேடி ஒப்பிட்டார். ஒரே செய்யுளுக்கு வேறு வேறு பாடங்கள், அதாவது சொல் மாறிய வடிவங்கள். சினிமாவும் அப்படித்தான். ஒரு படத்துக்குக் கேமரா நெகட்டிவ் உண்டு, அதிலிருந்து எடுத்த இடைப்பிரதிகள் உண்டு, தேய்ந்துபோன தியேட்டர் பிரிண்டுகள் உண்டு, இருபது வருடத்துக்கு முன் டிவிக்காக எடுத்த மாஸ்டர், அதாவது மற்றவற்றுக்கு மூலமாக வைக்கும் வீடியோ பிரதி உண்டு. இவற்றில் எது உங்கள் வீட்டுக்கு வருகிறது என்பதுதான் கேள்வி. ஓடிடி அதைச் சொல்வதே இல்லை. நல்ல டிஸ்க் வெளியீடு உள்ளே வைக்கும் சிறு புத்தகத்தில் சொல்லிவிடும். டிஸ்க் சேர்ப்பதற்கு எனக்குப் பெரிதாகப் படும் காரணம் இதுதான். பளபளப்பான பெட்டிக்காகச் சேர்ப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அது வேறு பொழுதுபோக்கு.

முதலில் எறும்புகள். கருப்பு வெள்ளைப் படச்சுருளில் பிம்பம் என்பதே வெள்ளித் துகள்கள்தான். ஒரு பிரேமில் இருக்கும் துகள் அடுத்த பிரேமில் அதே இடத்தில் இருக்காது. இதை கிரெய்ன் என்கிறோம். வீடியோவைச் சுருக்கும் மென்பொருள், முந்தைய பிரேமிலிருந்து எது மாறியது என்பதை மட்டும் எழுதிவைத்து இடத்தை மிச்சம் பிடிக்கும். கிரெய்ன் உள்ள படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு பிரேமிலும் மாறுகிறது, மிச்சம் பிடிக்க வழியில்லை. அதனால் பல சேவைகள் முதலிலேயே கிரெய்னைக் கழுவிவிடுகின்றன. கழுவும்போது கன்னத்துத் துவாரங்களும் கம்பளிக் கோட்டின் நெசவும் சேர்ந்தே போய்விடும். மிஞ்சுவது மெழுகு பொம்மை முகம். அதைத்தான் 'துடைத்துவைத்ததுபோல' என்று எழுதியிருக்கிறீர்கள்.

கணக்கும் சொல்கிறேன். 1080பி (ஃபுல் எச்டி) ஓடிடி நொடிக்கு ஏறக்குறைய 5 மெகாபிட் அனுப்புகிறது என்றால் இரண்டு மணி நேரப் படம் மொத்தம் 4.5 ஜிபி. நொடிக்கு 28 மெகாபிட்டில் அச்சிட்ட ப்ளூ-ரேயில் அதே படம் 25 ஜிபி. ப்ளூ-ரேயில் வீடியோவுக்கு மட்டும் உச்ச வரம்பு 40 மெகாபிட். பனிமூட்டத்தில் ஒருவர் நடந்துபோகும் நீளமான ஷாட் ஒன்றை ஓடிடியில் போட்டு, நடப்பவரை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் பனியை மட்டும் கவனியுங்கள். சாம்பல் நிறம் வரைபடத்து மலைக்கோடுகள்போலப் பட்டை பட்டையாகப் பிரியும். சில நொடிகளுக்கு ஒருமுறை மென்பொருள் முழு பிரேம் ஒன்றைப் புதிதாக அனுப்பும்போது கிரெய்ன் திடீரென்று முளைக்கும், மெல்ல மங்கி உறையும், மறுபடி முளைக்கும். மூச்சு விடுவதுபோல இருக்கும். கலைப்படங்களில் இருட்டும் மூட்டமும் அசையாத கேமராவும் அதிகம். ஓடிடி தடுமாறுவது சரியாக அங்கேதான்.

ஆனாலும் எறும்பு ஊர்ந்தது என்கிறீர்களே, அதில் உங்கள் டிவிக்கும் பங்கு இருக்கும். கடையில் கண்ணைப் பறிக்க 'விவிட்' என்ற பட நிலையில் ஷார்ப்னெஸை ஏற்றியே வைத்திருப்பார்கள். அது ஒவ்வொரு துகளுக்கும் கரை கட்டிவிடும். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் சினிமா அல்லது மூவி நிலை. ஷார்ப்னெஸைச் சுழிக்கு இறக்குங்கள். சில டிவிகளில் நடுநிலை சுழியில் இருக்காது, எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கரை மறையும் இடத்தில் நிறுத்தினால் போதும். நாய்ஸ் ரிடக்‌ஷன், மின்சேமிப்பு, அறை வெளிச்சத்துக்கேற்ப மாறும் சென்சார் எல்லாவற்றையும் அணையுங்கள். நிறவெப்பத்தை 'வார்ம்' ஆக்குங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும், பிறகு கண் பழகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக மோஷன் ஸ்மூத்திங். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும், எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். இல்லாத பிரேம்களைத் தானே வரைந்து நுழைத்து, எந்தப் படத்தையும் மெகாசீரியல்போல ஆக்குவது அதுதான்.

ஓடிடி பெட்டியில் 'மேட்ச் ஃபிரேம் ரேட்' என்று ஒரு வசதி இருக்கும், அதைப் போடுங்கள். சினிமா நொடிக்கு 24 பிரேம். பெட்டி 60 ஹெர்ட்ஸில் அனுப்பினால் 24 அதற்குள் சரியாக வகுபடாது. ஒரு பிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படும். கேமரா மெல்லத் திரும்பும் ஷாட்டில் அது நொண்டுவது தெரியும்.

கருப்புப் பட்டைக்கு வருவோம். 1930களிலிருந்து 50களின் தொடக்கம் வரை வந்த படங்கள் பெரும்பாலும் 1.37:1. ஏறத்தாழச் சதுரம். இன்றைய டிவி 1.78:1. பக்கப் பட்டை இல்லாமல் அந்தப் படம் திரையை நிறைக்கிறது என்றால், ஒன்று இழுத்திருக்க வேண்டும், அல்லது மேலும் கீழும் வெட்டியிருக்க வேண்டும். வெட்டினால் போவது பிம்பத்தில் ஏறக்குறைய 23 சதவீதம். தலைக்கு மேல் இயக்குநர் விட்டுவைத்த வெற்றிடம் முழுக்கப் போய்விடும். 60களின் ஐரோப்பியப் படங்கள் பல 1.66:1, அவற்றுக்குப் பக்கத்தில் மெலிதாக ஒரு பட்டை வரும். அதுவும் சரியானதே. நாலு பக்கமும் பட்டை வந்து நடுவில் தபால்தலைபோலப் படம் ஓடினால் அது பழைய டிவிடி மாஸ்டர், அதை வாங்க வேண்டாம்.

115 நிமிட டிவிடியை யாரும் வெட்டியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஐரோப்பாவின் பால் (PAL) என்ற டிவி முறை நொடிக்கு 25 பிரேம். 24 பிரேம் படத்தை அப்படியே 25இல் ஓட்டிவிடுவார்கள். படம் 4 சதவீதம் வேகமாக ஓடும், குரலும் இசையும் சுருதியில் கொஞ்சம் உயரும். சோதிக்க எளிய வழி: டிவிடியின் நேரத்தை 25ஆல் பெருக்கி 24ஆல் வகுங்கள். 115ஐ அப்படிச் செய்தால் 119.8 வருகிறது. முழுப் படமும் இருக்கிறது. 110 என்று போட்டிருந்தால் 114.6தான் வரும், அப்போது சந்தேகப்படலாம். 24 பிரேமிலேயே பதிந்த ப்ளூ-ரேக்கு இந்தப் பிரச்சினை இல்லை. மௌனப் படங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவை எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதிலேயே பதிப்பாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

எதைப் பார்த்து வாங்குவது? அட்டையில் '4கே ரெஸ்டோரேஷன்' என்று பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். எதிலிருந்து ஸ்கேன் செய்தார்கள் என்று பாருங்கள். சத்யஜித் ராயின் அபு மூன்று படங்களும் நல்ல உதாரணம். அவற்றின் நெகட்டிவ்கள் 1993இல் லண்டன் லேப் ஒன்றில் பிடித்த தீயில் கருகின. ஆஸ்கர் அகாடமியின் ஃபிலிம் ஆர்க்கைவும் கிரைட்டீரியன் என்ற அமெரிக்க டிஸ்க் வெளியீட்டு நிறுவனமும் சேர்ந்து செய்த மீட்பில், கருகியதில் தப்பிய பகுதிகளை நீரேற்றி, ஒட்டி, இத்தாலியின் போலோன்யாவில் ஸ்கேன் செய்தார்கள். முதல் படத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் அந்த நெகட்டிவிலிருந்தே வந்தது. மூன்றாவது படத்துக்கு அதில் எதுவும் பயன்படவில்லை, பிற பிரதிகளைக் கொண்டே சரிக்கட்டினார்கள். இது தெரிந்தால் சில ஷாட்கள் ஏன் பக்கத்து ஷாட்டைவிட மங்கலாக இருக்கின்றன என்று டிவியைத் திட்ட மாட்டீர்கள்.

புதியது என்பதாலேயே மூலத்துக்கு நெருக்கமானது என்றும் கொள்ளக் கூடாது. ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாய் தன் படங்களை மீட்டபோது பலவற்றின் நிறத்தை மாற்றினார். ஃபாலன் ஏஞ்சல்ஸ் என்ற படத்தை 1.85இலிருந்து 2.39 அகலத்துக்கே மாற்றிவிட்டார். 2021இல் வந்த கிரைட்டீரியன் பெட்டியில் இருப்பது இந்தத் திருத்தப் பாடம். படைப்பாளிக்கு அந்த உரிமை உண்டு என்பார்கள். இருக்கட்டும். ஆனால் தியேட்டரில் ஓடிய பாடம் வேண்டுமென்றால் பழைய டிஸ்கைத்தான் தேட வேண்டும். பதிப்புகளை ஒப்பிட டிவிடிபீவர் போன்ற தளங்களில் ஒரே பிரேமின் படங்களை அடுத்தடுத்து வைத்திருப்பார்கள். அதில் முகத்தை விடுங்கள், வானத்தையும் துணியையும் பாருங்கள். கிரெய்ன் நுணுக்கமாகத் தெரிந்தால் நல்லது. உருவங்களைச் சுற்றி வெள்ளைக் கரை இருந்தால் பழைய மாஸ்டரை மெருகேற்றி விற்கிறார்கள்.

சப்டைட்டிலையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அணைக்க முடியாதபடி பிம்பத்தோடு சேர்த்தே பதித்திருக்கிறார்களா, திரையில் வரும் கடிதங்களையும் பாட்டு வரிகளையும் மொழிபெயர்த்திருக்கிறார்களா என்று விமர்சனங்களில் தேடினால் கிடைக்கும்.

பிளேயர் விஷயம். டிவிடிக்கு உலகத்தை 1 முதல் 6 வரை பகுதிகளாகப் பிரித்தார்கள், ஒரு பகுதிக்குப் பூட்டிய டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாது. ப்ளூ-ரேக்கு மூன்றுதான். ஏ என்றால் அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, தென்கிழக்காசியா. பி என்றால் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா. சி என்றால் இந்தியா, சீனா, ரஷ்யா. 4கே அல்ட்ரா எச்டி டிஸ்குகளுக்கு இந்தப் பிரிவினையே கிடையாது, எங்கும் ஓடும். ஆனால் அதே பெட்டியில் கூட வரும் ப்ளூ-ரேக்கு இருக்கலாம், அதில்தான் பேட்டிகளும் பின்னணிப் படங்களும் இருக்கும். கலைப்பட வெளியீட்டில் கிரைட்டீரியன், கினோ லோர்பர் போன்ற அமெரிக்க டிஸ்குகள் பெரும்பாலும் ஏ. பிரிட்டனின் பிஎஃப்ஐ, மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா பெரும்பாலும் பி. ஆகவே எல்லாப் பகுதிக்கும் திறந்துவிட்ட 4கே பிளேயர் ஒன்று வாங்கினால் டிவிடி வரை ஓட்டிக்கொள்ளலாம். பல டிவிடி பிளேயர்களின் பூட்டு ரிமோட்டில் ஒரு எண்ணைத் தட்டினால் திறக்கும். ப்ளூ-ரேக்குப் பெரும்பாலும் உள்ளே வன்பொருளில் கைவைக்க வேண்டும், அப்படித் திறந்தே விற்பவர்களிடம் வாங்குவது நல்லது. கணினியின் டிவிடி டிரைவில் பகுதியை ஐந்து முறைதான் மாற்றலாம். ஐந்தாவதில் எது இருந்ததோ அதோடு பூட்டிக்கொள்ளும்.

சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது நாமே பதியும் வெற்று ப்ளூ-ரே டிஸ்குகளின் தயாரிப்பை. படம் அச்சிட்டு விற்கும் டிஸ்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கவலைப்பட வேண்டியது பிளேயர்களைப் பற்றி. ஒப்போ 2018இல் விலகியது, சாம்சங் அதற்கு அடுத்த வருடம். வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம். வாங்கியதும் ஃபர்ம்வேரை, அதாவது பிளேயரின் உள் மென்பொருளைப் புதுப்பித்துவிடுங்கள். புதிய டிஸ்க் ஒன்று ஓடாமல் நின்றால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

எல்லாவற்றையும் வாங்காதீர்கள். டிஜிட்டலில் எடுத்த புதிய படங்களில் கிரெய்ன் சிக்கல் அவ்வளவாகக் கிடையாது, அவற்றுக்குப் பெரும்பாலும் ஓடிடி போதும். மூன்றாவது முறை பார்ப்பீர்கள் என்று உறுதியாகத் தெரிந்த படம், படச்சுருளில் எடுத்த இருட்டான படம், அச்சு நிற்கப்போகும் படம், இந்த மூன்று வகையோடு நிறுத்துங்கள். டிஸ்க் வெளியீட்டாளருக்கும் உரிமை சில வருடத்துக்குத்தான். ஓடிடியில் படம் காணாமல் போவதும் அதே காரணத்தால்தான். ஆனால் டிஸ்கின் உரிமை முடிந்தாலும் உங்கள் அலமாரியில் இருப்பது இருக்கும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. நிமிர்த்தி வையுங்கள், ஈரமும் வெயிலும் படக் கூடாது, ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. டிவிடியில் 0.6. அதனால் டிவிடியைத் தேய்த்துச் சரிசெய்யும் கடை எந்திரத்தில் ப்ளூ-ரேயைக் கொடுக்காதீர்கள், பாதுகாப்புப் பூச்சே போய்விடும். துடைக்கும்போது மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தகவல் தடத்தோடு ஓடும், பிளேயரால் அதைச் சரிக்கட்ட முடியாது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடு முளையை அழுத்திவிட்டுத்தான் டிஸ்கைத் தூக்க வேண்டும். வளைத்துப் பிடுங்கினால் நடுத்துளையைச் சுற்றி மயிரிழையாக விரிசல் விடும்.

புது டிஸ்க் வந்ததும் முதல் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். லேசர் உள்ளிருந்து வெளியே படிக்கும். இரட்டை அடுக்கு டிஸ்கில் விளிம்பு வரை போய், அடுத்த அடுக்கில் உள்நோக்கித் திரும்பும். கைரேகையும் அச்சுக் கோளாறும் அதிகம் இருப்பது விளிம்பில். அதாவது படம் உறைந்து நின்றால் பெரும்பாலும் நடுப்பகுதியில் நிற்கும். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் முழுப் படத்தையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். நின்றால் அந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, டிஸ்கைத் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். அதே நிமிடத்தில் நின்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.